"முரளி மாதிரி எறியிறான்" எண்டு ஏசுறது சரியா?

கல்லடிக்காரன்:
நேற்றுப் பின்னேரம் கல்லடிக் கடற்கரையில பெடியன்மார்ட மென்பந்து மெச் பார்த்துக்கொண்டு நிண்டன். பதிமூணு வயசிருக்கும் ஒருத்தன் போட்ட பந்து, ஈர மணல்ல குத்தி அப்பிடியே கிறுகி ஸ்டம்பில போய் விழுந்திச்சு. அவுட்டான பெடியன் "எறியிறான், முரளி மாதிரி எறியிறான்" எண்டு கத்த, நிண்ட பெரியாக்களும் தலையாட்டுறாங்க. மறுகா அந்தப் பிள்ளை பந்தைத் தொடவே இல்ல. கையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கொண்டு எல்லையில போய் நிண்டான். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த மனுசன், முத்தையா முரளிதரன்ட பேரை நம்மட ஆக்களே ஏச்சாப் பாவிக்கிறதா?

காரைதீவான்:
அண்ணன், நெருப்பில்லாமப் புகையுமா? 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன்ல அம்பயர் டரல் ஹெயார், முரளி பந்தை எறியிறார் எண்டு ஏழு நோபோல் (பிழையான பந்து) குடுத்தார். அடுத்த மாசம் பிரிஸ்பேன்ல அம்பயர் ரொஸ் எமர்சன். 1999ல அடிலெய்ட்ல மறுபடியும் அவர்தான். கடைசியில, பந்து போடக்குள்ள முழங்கை எவ்வளவு நிமிரலாம் எண்ட சட்டத்தையே 15 பாகைக்கு உயர்த்திட்டாங்க. நானும் அம்பயரா நிண்டவன். கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொல்றதுதான் அம்பயர்ட வேலை.

கல்லடிக்காரன்:
கண்தான் ஏமாத்துது தம்பி. முரளிட முழங்கை பிறவியிலேயே முழுசா நிமிராது. மடிஞ்ச கை மடிஞ்சபடியே வந்தா அது எறி இல்ல. வரக்குள்ள நிமிர்ந்தாத்தான் எறி. தூரத்தில நிண்டு பார்த்தா ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கிடக்கும். முந்தி சுழலுக்கு 5 பாகை, வேகத்துக்கு 10. கெமரா வச்சு அளந்தா, அப்பழுக்கில்லை எண்டு நம்பின வேகப்பந்துக்காரர் பலரும் 10ஐத் தாண்டி நிண்டாங்க. 2004ல முரளி கையில இரும்புப் பட்டி வச்ச உறையைக் கட்டிக்கொண்டு கெமராக்கு முன்னால தூஸ்ராவையும் (வழமைக்கு எதிர்ப்பக்கம் கிறுகிற பந்து) போட்டுக் காட்டினார். பந்தைச் சுழட்டினது மணிக்கட்டும் தோளும்.

வாவிக்கரை:
கையை விடுங்க, கணக்குக்கு வாங்க. அந்த 800ல 176, பலம் குறைஞ்ச பங்களாதேசுக்கும் சிம்பாப்வேக்கும் எதிரா எடுத்தது. அவுஸ்திரேலியச் சுழல்பந்துக்காரர் ஷேன் வோர்ன்ட 708ல அது வெறும் 17. அவுஸ்திரேலிய மண்ணில முரளிக்கு 5 டெஸ்ட்ல 12 விக்கெட்தான்.

கல்லடிக்காரன்:
அவுஸ்திரேலியாக் கணக்கு உண்மை, மறுக்கல்ல. ஆனா 176ஐயும் கழிச்சிட்டுப் பாருங்க, 108 டெஸ்ட்ல 624. ஒரு மெச்சுக்கு ஆறுக்குக் கிட்ட வருது. வோர்னுக்கும் அப்பிடியே கழிச்சா அஞ்சு தேறாது. 1998 ஓவல்ல இங்கிலாந்தை அவங்கட மண்ணிலயே 16 விக்கெட் எடுத்துச் சுருட்டினது ஆர்? 2010 காலியில இதான் கடைசி மெச் எண்டு முதலே சொல்லிட்டு, 800க்கு எட்டு விக்கெட் தேவையா இறங்கினார். எட்டாவது இந்தியாட ஓஜா, மஹேல ஜயவர்தனட கையில பிடி. கடையில ரீவிக்கு முன்னால தேத்தண்ணி ஆறிப் போகப் பார்த்துக்கொண்டிருந்தம்.

காரைதீவான்:
அதெல்லாம் சரி. முரளிக்கு அளக்க ஆய்வுகூடம் கிடைச்சுது. இந்தப் பிள்ளைக்கு ஆர் அளக்கிறது? நாளைக்குப் பெரிய மெச்சில நோபோல் குடுத்தா இதை விட உடைஞ்சு போவான். இப்பவே திருத்துறது நல்லம்.

கல்லடிக்காரன்:
திருத்துங்க. கிட்டப் போய், முழங்கையைப் பிடிச்சுப் பார்த்துத் திருத்துங்க. சனத்துக்கு முன்னால கத்துறது திருத்தமா? அடிலெய்ட்ல எமர்சன் கையை நீட்டக்குள்ள கப்டன் அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக் கோடு மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளைக்கு நேற்று ஒருத்தரும் வரல்ல. நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் நிண்டன். அதுதான் நெஞ்சில கிடக்கு.

காரைதீவான்:
ஞாயிறு பின்னேரம் வாறன் அண்ணன். மென்பந்தில ஒண்டும் விளங்காது, கடினபந்து கொண்டு வாறன். பக்கவாட்டில நிண்டு போன்ல எடுத்து மெதுவா ஓட்டிப் பார்ப்பம். கை நிமிர்ந்தா நிமிருது எண்டுதான் சொல்லுவன்.

கல்லடிக்காரன்:
சொல்லுங்க. பிள்ளையிட்ட மட்டும், தனியாக் கூப்பிட்டு.