4ஜி மாட்யூல் வாங்கும் விலையில் காப்புரிமையும் அடங்கிவிடுமா?

கேள்வி: பீண்யா பொறியாளர், பெங்களூரு

பேருந்து நடத்துநர்களுக்கான பயணச்சீட்டுக் கருவியை வடிவமைக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். கருவிக்குள் ஓர் ஆண்ட்ராய்டு போர்டும், சிம் அட்டை ஏற்கும் 4ஜி மாட்யூலும் இருக்கின்றன. மாட்யூலை வெளியில் வாங்கிப் பொருத்துகிறோமே தவிர, நாங்கள் தயாரிப்பதில்லை. அடுத்த டெண்டருக்கு விலை குறித்துக்கொண்டிருந்தபோது, காப்புரிமைக்கென எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று எங்கள் ஆடிட்டர் கேட்டார். அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆப்பிளும் சாம்சங்கும் மோதிக்கொண்டதை நாளிதழில் படித்த அளவுக்குத்தான் எனக்கு இதில் பழக்கம். சிப் தயாரித்தவர் உரிமம் பெற்றிருந்தாலும் நாங்கள் தனியே ராயல்டி கட்ட வேண்டுமா? கட்ட வேண்டுமென்றால், அது மாட்யூலின் விலைக்கா, கருவி முழுவதன் விலைக்கா? மாட்யூலின் விலை கருவி விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்பதால், எங்கள் லாபமே இந்த ஒரு விடையில் அடங்கியிருக்கிறது.

பதில் 1: வழக்குரைஞர், புது தில்லி

உங்கள் நிலைமைக்கு நெருக்கமானவை தில்லி உயர் நீதிமன்றத்தில் ஸ்வீடனின் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சன் தொடுத்த வழக்குகள். நீங்கள் நாளிதழில் படித்த வழக்கில் ஆப்பிள் உரிமை கோரியது கைப்பேசியின் தோற்றத்துக்கும் தொடுதிரையின் சில இயக்கங்களுக்கும். அவற்றை மாற்றிச் செய்ய வழி உண்டு. எரிக்சன் கோருவதோ 2ஜி, 3ஜி தரநிலைகளுக்குள்ளேயே, அதாவது எல்லாக் கருவிகளும் ஒத்தியங்க வகுத்த பொது விதிகளுக்குள்ளேயே, பதிந்துவிட்ட நுட்பங்களுக்கு. கைப்பேசிக் கோபுரத்தோடு தொடர்பு கொள்ளும் எந்தக் கருவியும் அவற்றைத் தவிர்க்க முடியாது. அதனால்தான் இத்தகைய காப்புரிமையாளர்கள், நியாயமான, பாகுபாடற்ற கட்டணத்தில் கேட்பவர்க்கெல்லாம் உரிமம் தருவதாகத் தரநிலை அமைப்புகளிடம் முன்கூட்டியே உறுதியளிக்கிறார்கள். எந்தக் கட்டணம் நியாயமானது என்று வரும்போதுதான் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள்.

கைப்பேசி நிறுவனங்களில் 2013இல் மைக்ரோமேக்ஸ் மீதும், அடுத்த ஆண்டில் இன்டெக்ஸ், ஷாவ்மி ஆகியவற்றின் மீதும், 2015இல் லாவா மீதும் எரிக்சன் வழக்குத் தொடுத்தது. உங்கள் முதல் கேள்வி ஷாவ்மி வழக்கில் அப்படியே எழுந்தது. 2014 டிசம்பர் 8 அன்று எதிர்த்தரப்பைக் கேளாமலேயே விற்பனைக்கு இடைக்காலத் தடை வந்தது. எட்டு நாள் கழித்து இரு நீதிபதிகள் அமர்வு, எரிக்சனிடம் உரிமம் பெற்றிருந்த குவால்காம் என்ற சிப் நிறுவனத்தின் சிப் பொருத்திய கைப்பேசிகளை மட்டும், ஒன்றுக்கு 100 ரூபாய் நீதிமன்றத்தில் செலுத்திவிட்டு விற்கலாம் என்றது. உள்ளே இருப்பது யாருடைய சிப் என்பது அங்கே கணக்கில் கொள்ளப்பட்டது.

அதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 2024 மார்ச்சில் லாவா வழக்கில், முழு விசாரணைக்குப் பின், 244 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. சிப்பின் விலையைத்தான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்ற லாவாவின் வாதத்தை ஏற்காத நீதிமன்றம், கைப்பேசியின் விற்பனை விலையையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. உரிமம் பெற்றவரிடம் வாங்கிய சிப்புக்கு மறுபடியும் கட்டணம் கேட்க முடியாது என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. அந்த வாதத்தை எழுப்புகிறவர் ஆவணத்தோடு வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லாவா வழக்கு முடிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஆகவே, வழக்கு நடக்கும்போதே எவ்வளவு வைப்புத்தொகை கட்டச் சொல்கிறார்கள் என்பதில்தான் பாதி வழக்கு தீர்ந்துவிடுகிறது. 2023இல் இத்தகைய இன்னொரு வழக்கில், நோக்கியா கேட்டபடி கைப்பேசி நிறுவனமான ஆப்போ வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்று உத்தரவானது. 2024 ஜனவரியில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நான் நினைக்கவில்லை.

பதில் 2: கொள்முதல் பிரிவில் இருப்பவன், எலக்ட்ரானிக்ஸ் சிட்டி

வழக்குரைஞர் ஐயா ஆப்பிள்–சாம்சங் வழக்கை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்; எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனால் முடிவில் ரப்பர் போல இழுபட்டுத் திரும்புமே, அந்த இயக்கத்துக்கான காப்புரிமையும் சேர்ந்துதான் 2012இல் கலிஃபோர்னியா ஜூரி (பொதுமக்கள் அடங்கிய நடுவர் குழு) சாம்சங்குக்கு 105 கோடி டாலர் விதித்தது. பிறகு தோற்ற வடிவமைப்புக்கான இழப்பீடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. லாபம் முழுக் கைப்பேசியைக் கொண்டு கணக்கிடப்பட்டிருந்தது. ஒரு பாகத்தை மட்டும் கொண்டும் கணக்கிடலாம் என்று 2016இல் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். பொறியாளர் கேட்பதும் அதே "பாகமா, முழுமையா" என்ற கேள்விதானே? ஆனாலும் 2018இல் மறுவிசாரணை நடத்திய ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. பாகம் என்று பெயர் கிடைத்தாலும் தொகை சின்னதாகிவிடாது.

சிப் விற்பவர் காப்புரிமையையும் சேர்த்துத்தான் விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. குவால்காம் சிப்பை ஒரு கணக்காகவும் உரிமத்தை வேறொரு கணக்காகவும் வைத்திருக்கும் நிறுவனம். அந்த நடைமுறை தவறு என்று 2019இல் தீர்ப்பளித்தவர், ஆப்பிள்–சாம்சங் வழக்கை விசாரித்த அதே நீதிபதி லூசி கோ. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

உங்கள் மாட்யூல் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். மூன்றாம் தரப்பினர் காப்புரிமை கோரினால் விற்பவர் பொறுப்பேற்பார் என்று ஒரு பிரிவு இருக்கும். அதன் அடியிலேயே, தரநிலைக் காப்புரிமைகளுக்கு இது பொருந்தாது என்று இன்னொரு வரியும் பெரும்பாலும் இருக்கும். விலையைப் பேசி முடிக்கும் அவசரத்தில் அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி கேட்டவர்

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வரி எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்தைத் தேடி வந்து வழக்குப் போடுவார்களா?

பதில் 3: வழக்குரைஞர், புது தில்லி

ஆயிரக்கணக்கில் விற்பவரைத் தேடி வருவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. விற்பனை பெருகும்போது முதலில் கடிதம் வரும். அதற்குப் பதில் எழுதாமல் கிடப்பில் போடுவதுதான் பெரிய ஆபத்து, ஏனெனில் உரிமம் பெற மனமில்லாதவர் என்று பின்னால் நீதிமன்றத்தில் காட்ட அந்த மௌனமே போதும். டெண்டரில் கருவி விலையின் ஒரு விழுக்காட்டை ஒட்டி ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். லாவா வழக்கில் விதிக்கப்பட்ட விகிதமும் ஏறத்தாழ அவ்வளவுதான். மாட்யூல் விற்பவரிடம், யார் யாரிடம் உரிமம் பெற்றிருக்கிறார், அது வாங்குபவருக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும், கேட்ட கடிதத்தின் நகலைக் கோப்பில் வைத்திருங்கள்.