பனியன் துணி வைத்த ரப்பர் ஏன் முட்டையாக உப்புகிறது? உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பர்மாவில் மோன் மாநிலம், தாட்டோன் பக்கமிருந்து எழுதுகிறேன். சுற்றிலும் ரப்பர் தோட்டம்தான். எங்கள் பட்டறையில் தண்ணி பம்புக்கு டயாபிரம் (பம்புக்குள் முன்னும் பின்னும் வளைந்து தண்ணியைத் தள்ளும் ரப்பர் தகடு) அடிக்கிறோம்: 2 மி.மீ. கன ரப்பர், நடுவே பனியன் துணி.

வட்ட வளையத்தில் இறுக்கிக் காற்று ஏற்றினால் உருண்டையாக உப்பாமல் முட்டையாகப் போகிறது. பால்பாயிண்ட் பேனாவால் 10 மி.மீ. வட்டம் போட்டுப் பார்த்தேன். உச்சியில் துணியின் நெடுக்கே 13, குறுக்கே 18 ஆகிவிட்டது. ரப்பரின் கொள்ளளவு மாறாது என்று வைத்தால் கனம் 0.85 மி.மீ. சொச்சத்துக்கு மெலிந்திருக்கும்.

முதலில் துணியின் நெடுக்கே வெட்டிய வார் (நீளத் துண்டு) ஒன்றை இழுத்து, ரப்பர் எப்படி நீளும் என்று சொல்லும் மூனி-ரிவ்லின் சூத்திரத்துக்கு மாறிலிகள் எடுத்தேன். அந்த மாடலுக்குத் திசையே தெரியாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நீளும் என்றே கணக்குப் போடும்; கணினியில் அழகான பொய் உருண்டைதான் வந்தது. பிறகு ஹோல்சாப்பெல், கேசர், ஓக்டன் 2000-ல் தமனிச் (ரத்தக் குழாய்) சுவருக்குச் சொன்ன மாதிரி, நூல் திசையில் நீள்வதற்கென்று சூத்திரத்தில் தனியாக ஓர் ஆற்றல் உறுப்பு சேர்த்தேன். முட்டை வந்தது. ஆனால் அழுத்தத்தைக் கூட்டினால் கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது. பலூன் ஊதும்போது ஒரு கட்டத்துக்குமேல் லேசாகுமே, அந்த இடமோ என்று சந்தேகம். அழுத்தத்தை விட்டு, உள்ளே ஏறும் கொள்ளளவைப் படிப்படியாகக் கூட்டினால் தாண்டுமா?

நெடுக்கு, குறுக்கு, 45 டிகிரி வார்கள் மூன்றும் மாறிலிகளைப் பிடிக்கப் போதுமா, இல்லை இரு திசையிலும் சேர்த்து இழுக்கும் சோதனை கட்டாயமா? அந்த மெஷின் இங்கே கிடையாது. சைக்கிள் பம்பும் போன் கேமராவும்தான். உப்பிய வடிவத்தைப் படமெடுத்தே மாறிலிகளைப் பிடித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வார் அளவுகளை ராத்திரி கரண்ட் இருந்தால் போடுகிறேன்.