சாக்லேட் கேக்கின் மேல் வெள்ளை ஐசிங்: அடிப்பூச்சு வழவழப்பாக வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் ஒரு கிலோ சாக்லேட் கேக்குக்கு வெள்ளை நிற பட்டர் கிரீம் பூச வேண்டியிருந்தது. 250 கிராம் உப்பில்லாத வெண்ணெய்க்கு 500 கிராம் ஐசிங் சுகர் என்ற கணக்கில் அடித்துக்கொண்டேன். ஆனால் பாலட் நைஃபை (கிரீம் பூசும் தட்டையான கத்தி) ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கேக்கின் தூள் கிரீமோடு ஒட்டிக்கொண்டு வந்து, வெள்ளைப் பூச்சு முழுவதும் பழுப்புப் புள்ளிகளாகிவிட்டது. அதை மறைப்பதற்காக மேலும் மேலும் அப்பியதில் கிண்ணத்தில் மீதமிருந்த கிரீமிலும் தூள் கலந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், இரண்டு அடுக்குகள் சேரும் இடத்தில் பக்கவாட்டில் வளையம் போலப் பிதுங்கியிருந்தது. வாங்கிச் சென்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அதே போன்ற கேக் ஒன்று செய்ய வேண்டியிருப்பதால் வழி சொல்லுங்கள்.

பதில் 1

சகோதரி, நீங்கள் ஒரே பூச்சில் இரண்டு வேலைகளை முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு முன் பட்டி பார்ப்பதைப் போல, கேக்குக்கும் முதலில் மெல்லியதாக ஓர் அடிப்பூச்சு வேண்டும். கிரம்ப் கோட் என்று சொல்வது இதைத்தான். உதிரும் தூளைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே அதன் வேலை என்பதால், கேக்கின் நிறம் அதன் வழியே தெரிந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

கேக்கை முதல் நாளே செய்து, நன்றாக ஆறியபின் சுற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த கேக் குறைவாகவே உதிரும். அடிப்பூச்சுக்கான கிரீமைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்; கேக்கைத் தொட்ட நைஃப் பெரிய கிண்ணத்துக்குள் மறுபடியும் போகவே கூடாது. கிரீம் கெட்டியாக இருந்தால் அதுவே கேக்கின் மேல்தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். எனவே ஒரு தேக்கரண்டி பால் விட்டு, அழுத்தாமலேயே பரவும் பதத்துக்குக் கொண்டுவந்து பூசுங்கள். பிறகு கேக்கை 20 முதல் 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதன்பின்தான் இரண்டாவது பூச்சு. அந்த அரை மணி நேரத்தைத் தயவுசெய்து குறைத்துவிடாதீர்கள், ஏனென்றால் பெரும்பாலான கேக்குகள் அங்கேதான் கெடுகின்றன.

பதில் 2

மேலே சொன்னது முற்றிலும் சரி. பிதுங்கலுக்குக் காரணம் வேறு. அடுக்குகளுக்கு நடுவே கிரீமை அதிகமாக வைத்து, கேக் அமர்வதற்கு முன்பே வெளிப்புறத்தைப் பூசினால், மேல் அடுக்கின் கனம் தாங்காமல் கிரீம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வரும். அடுக்கியபின் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி, ஒரு மணி நேரம் அமரவிட்டு, வெளியே வந்த கிரீமை வழித்துவிட்டுத்தான் அடிப்பூச்சைத் தொடங்க வேண்டும். சுகர் சிரப்பை அதிகமாக ஊற்றினாலும் கேக் தொய்ந்து இதே நிலைதான் வரும்.

பூச்சை வழித்துச் சமப்படுத்தும் தகடான ஸ்கிராப்பரைப் பிடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். அதன் அடி விளிம்பு, கேக் வைத்துச் சுழற்றும் சிறு மேசையான டர்ன்டேபிளைத் தொட்டபடி நேராக நிற்க வேண்டும். கை அசையாமல் இருக்க, மேசைதான் சுழல வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஸ்கிராப்பரைத் துடைத்துவிடுங்கள். இறுதிப் பூச்சில் ஊசித் துளைகள் தெரிந்தால் கிரீமில் காற்று நிறைந்திருக்கிறது என்று பொருள். பூசுவதற்கு முன் மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் கிண்ணத்தின் பக்கத்தில் அழுத்தி அழுத்திக் கிளறினால் அது அடங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நான் அடுக்கிய கையோடு பூசிவிட்டேன், தவறு புரிகிறது. ஆனால் இங்கே வெயில் 38 டிகிரியைத் தாண்டுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பூசி முடிப்பதற்குள் பட்டர் கிரீம் இளகிவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில் 3

உங்கள் அச்சம் நியாயமானது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால், மதுரை வெயிலில் அதை மட்டும் நம்ப முடியாது. நான் கோடையில் அடிப்பூச்சைக் கனாஷிலேயே (சூடான ஃபிரெஷ் கிரீமில் சாக்லேட்டை உருக்கிக் கலந்தது) செய்கிறேன். மேலே வெள்ளை வர வேண்டும் என்பதால் வெள்ளைச் சாக்லேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 300 கிராம் சாக்லேட்டுக்கு 100 கிராம் ஃபிரெஷ் கிரீம். கறுப்புச் சாக்லேட்டாக இருந்தால் இரண்டுக்கு ஒன்று போதும். வெள்ளை இளக்கமாகவே இறுகும் என்பதால்தான் இந்த மூன்று பங்கு. முதல் நாள் இரவே கலந்து மூடி வைத்தால் காலையில் பூசும் பதத்துக்கு வந்திருக்கும். குளிரவைத்தபின் அது ஓடு போல இறுகிவிடும். மேடு தெரிந்தால், வெந்நீரில் நனைத்துத் துடைத்த பாலட் நைஃபால் ஒரு முறை வழித்தால் சமமாகிவிடும்.

அதன்மேல் பட்டர் கிரீமை மெல்லியதாகப் பூசுங்கள். வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. முடித்த கேக்கை அட்டைப் பெட்டியில் மூடியே ஃபிரிட்ஜில் வையுங்கள். கொடுக்கும்போதும் பெட்டியை உடனே திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் ஈரம் பெட்டியின் மேல் படியுமே தவிர, நீங்கள் பாடுபட்டு வழவழப்பாக்கிய பூச்சின் மேல் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளாது.