மறு: கெர்னல் பேனிக் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

சேலம் ஆசிரியை:

அன்புடையீர், வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காக லினக்ஸ் பழுதுநீக்கக் கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ‘கணினி துவங்க மறுத்தால்’ என்ற அதிகாரத்தில் ஒரு சொல்லுக்கு உங்கள் உதவி தேவை.

நேற்றுவரை நன்றாக ஓடிய டெஸ்க்டாப், அப்டேட் முடித்து ரீஸ்டார்ட் செய்ததும் கருப்புத் திரையில் ‘கெர்னல் பேனிக் – நாட் சிங்க்கிங்’ என்று நின்றுவிடுகிறது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. ரூட் கோப்புமுறையை, அதாவது கணினியின் அடிப்படைக் கோப்புகள் இருக்கும் இடத்தை, ஏற்ற முடியவில்லை என்ற செய்தியும் கூடவே வருகிறது. பலமுறை இதற்குக் காரணம், கெர்னல் கோப்புகள் இருக்கும் /பூட் பகுதியில் இடம் தீர்ந்துபோய்ப் புதிய கெர்னலுக்குரிய இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கநிலைக் கோப்பு உருவாகாமல் போனதுதான். கணினி எழும்போது கெர்னலை ஏற்றும் கிரப் நிரலின் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் கணினி எழுந்துவிடும். பிறகு வேண்டாத பழைய கெர்னல்களை நீக்கி, அந்தக் கோப்பைத் திரும்ப உருவாக்கி, கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும். இதெல்லாம் எழுதியாயிற்று. கெர்னலைக் ‘கருனி’ என்று கொண்டு, தலைப்பில் ‘கருனிப் பீதி’ என்று வைத்திருக்கிறேன். பொருந்துமா?

நெல்லைப் புலவர்:

அம்மா, பீதி வடசொல். நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? பே, நாம், உரும் மூன்றும் அச்சப்பொருள் தருவன என்கிறது தொல்காப்பிய உரியியல். ‘நாம நீர் வேலி உலகிற்கு’ என்று சிலம்பின் தொடக்கத்திலேயே வருகிறதே. ஆனால் நான் முன்வைப்பது வேறு. பேனிக் என்ற சொல் கிரேக்கரின் பான் என்னும் தெய்வத்திலிருந்து பிறந்தது. காட்டில் காரணம் தெரியாமல் திடீரென்று கவ்வும் அச்சம், அந்தத் தெய்வத்தால் வருவது என்று அவர்கள் நம்பினார்கள். நம் மெய்ப்பாட்டியலோ அச்சம் பிறக்கும் இடங்களை ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறை’ என்று அடுக்கும்போது அணங்கைத்தான் முதலில் வைக்கிறது. தெய்வம் தாக்கி வரும் அச்சம்! இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? ‘கருனி அணங்குறல்’ என்றே வையுங்கள்.

சென்னை நிரலர்:

ஐயா, அணங்கு அழகான சொல். ஆனால் இங்கே யாரும் அஞ்சவில்லை. பேனிக் என்பது கெர்னலுக்குள் இருக்கும் ஒரு செயற்கூற்றின் பெயர். யுனிக்ஸுக்கு முந்தைய இயங்குதளமான மல்டிக்ஸில் எழுதியதில் பாதி பிழை மீட்புக்கான நிரல்தான் என்று அதன் நிரலர் டாம் வான் விளெக் சொன்னபோது, நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம், பேனிக் என்று ஒன்று வைத்திருக்கிறோம், அதை அழைத்தால் இயந்திரம் நின்றுவிடும் என்றாராம் யுனிக்ஸ் தந்த டென்னிஸ் ரிட்சி. ‘நாட் சிங்க்கிங்’ என்பதையும் கவனியுங்கள். நினைவகத்தில் இருப்பதை நம்ப முடியாத நிலையில் அதை வட்டில் எழுதினால் நல்ல தரவும் கெடும். அதனால் எழுதாமலே நிற்கிறது. தெரிந்தே எடுக்கும் முடிவு இது. ‘கருனி நிறுத்தம்’ என்பதே என் பரிந்துரை. ‘முடக்கம்’ வேண்டவே வேண்டாம், அது ஹேங் ஆவதற்குப் போய்விட்டது. கெர்னலில் பிழை நேர்ந்தால் வரும் ‘ஊப்ஸ்’ என்ற செய்தியையும் இதனோடு சேர்க்காதீர்கள். ஊப்ஸ் வந்த பிறகும் கெர்னல் பெரும்பாலும் தொடர்ந்து ஓடும்.

யாழ்ப்பாண அன்பர்:

வணக்கம். பேனிக் இருக்கட்டும், அதிகாரத் தலைப்பில் ‘துவங்க’ என்று இருக்கிறது. உள்ளே ‘துவக்கு’ என்று கட்டளையாகவும் வருமோ? எங்கட பக்கம் துவக்கு என்றால் துப்பாக்கி. கணணி வகுப்பில் ‘துவக்கு’ என்று திரையில் வந்தால் பிள்ளைகள் முதலில் அதைத்தான் நினைப்பார்கள்.

நெல்லைப் புலவர்:

நான் எப்போதும் சொல்வதுதான், தொடங்கு என்பதே செம்மையான வடிவம். தொடு, தொடர், தொடங்கு எல்லாம் ஒரே வேர். ‘தொடக்கு’ என்று எழுதினால் போயிற்று.

யாழ்ப்பாண அன்பர்:

ஐயா, தொடக்கு என்றால் எங்களுக்குத் தீட்டு! துடக்கு என்றும் சொல்வோம். ‘தொடங்கு’ என்றால் ஒரு சிக்கலும் இல்லை.

மதுரை மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் வணக்கம். டெஸ்க்டாப் திரையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது பேனிக் வந்தால் முன்பெல்லாம் செய்தியே தெரியாது. படம் அப்படியே உறைந்து நிற்கும், பல மடிக்கணினிகளில் கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மினுக்கும், அவ்வளவுதான். 2024-இல் வந்த 6.10 கெர்னலிலிருந்து இதைத் திரையிலேயே காட்ட வழி செய்திருக்கிறார்கள். இனி சாதாரணப் பயனரும் இந்தச் சொல்லைப் படிப்பார். அகராதி புரட்டாமல் புரிய வேண்டும்.

‘கருனித் திகைப்பு’ எப்படி? அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்பது. அச்சமும் இருக்கிறது, நிற்பதும் இருக்கிறது. ‘விலை திகையவில்லை’ என்று எங்கள் சந்தையில் சொல்வார்கள். அங்கே திகைதல் என்றால் முடிவாவது. நிரலர் சொல்லும் ‘முடிவு’ம் அதில் வந்துவிடுகிறது.

சேலம் ஆசிரியை:

மிக்க நன்றி. திகைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாண அன்பரும் ஒப்புதல் தந்து தனிமடல் அனுப்பியிருக்கிறார். முதல் இடத்தில் ‘கெர்னல் பேனிக் எனப்படும் கருனித் திகைப்பு’ என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் ஆள்கிறேன். மாணவர் திரையில் பார்ப்பது ஆங்கிலச் செய்தியைத்தான். அது கையேட்டில் இல்லையென்றால் எந்தப் பக்கத்தைப் பார்ப்பதென்றே அவர்களுக்குத் தெரியாது. துவங்கு எல்லாவற்றையும் தொடங்கு என்று மாற்றிவிட்டேன்.

சென்னை நிரலர்:

பெரும்பான்மை அதுவென்றால் அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் திகைப்பவனுக்கு என்ன செய்வதென்று தெரியாது, கெர்னலுக்குத் தெரிந்திருக்கிறது. என் ஆவணங்களில் ‘நிறுத்தம்’ என்றே எழுதுவேன்.

நெல்லைப் புலவர்:

அடிக்குறிப்பிலாவது அணங்குக்கு ஓரிடம் தாருங்கள் அம்மா.

யாழ்ப்பாண அன்பர்:

அச்சுக்குப் போகுமுன் ஒன்று. ஏழாம் பக்கத்தில், பழுது பார்க்கக் கணினி எழும் ரெஸ்க்யூ, எமர்ஜென்சி என்ற நிலைகள் இரண்டுக்குமே ‘மீட்பு நிலை’ என்று இருக்கிறது. ரெஸ்க்யூவில் உள்ளூர்க் கோப்புமுறைகள் எல்லாம் ஏற்றப்படும், எமர்ஜென்சியில் ஏற்றப்படாது. எந்தக் கோப்புமுறைகளை ஏற்றுவது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி பிழையானாலே பிள்ளைகள் போய் நிற்பது எமர்ஜென்சியில்தான். அதற்கு வேறு சொல் வேண்டும். ‘நெருக்கடி நிலை’ என்று போடலாமா?