கலைச்சொல் தேவை: 'போர்ட்டபிலிட்டி' (வெள்ளிக்கிழமைக்குள்)

வில்லாபுரத்திலிருந்து, பொருளியல் ஆசிரியை:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழியில் பி.ஏ. பொருளியல் படிக்கும் மாணவர்களுக்கு வகுப்புக் குறிப்பு தொகுக்கிறேன். மாநிலம் விட்டு மாநிலம் ஆட்கள் இடம்பெயர்வதால் அந்தந்த அரசின் வரவு செலவு எப்படி மாறுகிறது என்பது பாடம். மற்றதையெல்லாம் ஒருவழியாக எழுதிவிட்டேன். 'போர்ட்டபிலிட்டி'யில் வண்டி நிற்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

பொருள் இதுதான். பீகாரில் குடும்ப அட்டை உள்ள ஒருவர் நம் மதுரைப் பக்கம் கப்பலூரில் வேலை பார்க்கிறார். முன்பு அவருக்கு உரிய அரிசி ஊரில்தான். 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' வந்த பிறகு, தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து, இங்குள்ள ரேஷன் கடையிலேயே கைரேகை வைத்து வாங்கலாம். ஊரில் இருக்கும் குடும்பம் தன் பங்கை அங்கே வாங்கிக்கொள்ளலாம். உரிமை இப்படி ஆளோடு சேர்ந்து வருகிற தன்மைக்கு ஒரு சொல் வேண்டும். மருத்துவக் காப்பீடு, நலவாரியம், ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அது பொருந்த வேண்டும். இப்போதைக்கு 'பெயர்வுத்திறன்' என்று போட்டிருக்கிறேன். வாசித்தால் எனக்கே உதைக்கிறது.

பெங்களூரிலிருந்து, மென்பொருள் தமிழாக்கம் செய்பவன் (சொந்த ஊர் செல்லூர்):

உதைக்கத்தான் செய்யும் மேடம். மென்பொருளில் 'பெயர்' என்று தொடங்கினால் சரி, அங்கே நிரல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்கிறது. இங்கே பெயர்வது ஆள். உரிமை பெயரவில்லை, பீகார் அட்டை பீகார் அட்டையாகவேதான் இருக்கிறது. செல்பேசிக்கு இதே ஆங்கிலச் சொல் வந்தபோது பத்திரிகைகள் 'எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி' என்று எழுதித் தப்பித்துக்கொண்டன. அங்கே ஆள் இருந்த இடத்தில் இருக்கிறார், நிறுவனம் மாறுகிறது. இங்கே தலைகீழ். ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக ஒரே தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை. 'போர்ட்டபிலிட்டி' என்றே விட்டாலும் மாணவருக்குப் புரியும்.

திருமங்கலத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, புரியும் என்பதற்காக அப்படியே விட்டால் இந்தக் குழு எதற்கு? வடசொல்லுக்கே வடவெழுத்தை ஒரீஇ, அதாவது நீக்கித்தான், தொல்காப்பியர் இடம் கொடுத்தார்.

அம்மா, முதலில் இடம்பெயர்தலுக்கே நல்ல சொல் பிடியுங்கள். பிறகு உரிமை தானாக ஒட்டிக்கொள்ளும். நம் ஊரைச் சொல்லும்போது சிலப்பதிகாரத்தில் இளங்கோ 'பதியெழு வறியாப் பண்புமேம் பட்ட மதுரை மூதூர்' என்கிறார். வயிற்றுப்பாட்டுக்காக ஊரை விட்டு எழுந்து போகும் நிலையை அறியாத ஊர். மலைபடுகடாத்திலும் பதியெழல் அறியாப் பழங்குடி உண்டு. (அந்தப் பெருமையை அடைக்கலக் காதையில் கேட்கும்போது மதுரைக்கு வந்து சேர்ந்திருப்பவர்கள் யார்? புகாரிலிருந்து பதியெழுந்த கோவலனும் கண்ணகியும்.) ஆகவே வெளியேற்றம் 'பதியெழல்'. வந்து சேர்ந்தவர் பட்டினப்பாலையின் 'புலம்பெயர் மாக்கள்'. மொழி பல பெருகிய இடத்தில் அவர்கள் 'கலந்து இனிது உறை'ந்தார்கள் என்றும் புலவர் சொல்கிறார். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றி இன்றும் சௌராஷ்டிரம் பேசப்படும் தெருக்களில் நடந்தால் அந்த அடிக்கு உரை வேண்டாம்.

மூன்றாவதாக 'வலசை'. பறவைக்கு மட்டும் உரிய சொல் அல்ல. பகைக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சிக் கூட்டமாக ஊர் விட்டுப் போவதுதான் வலசை. என் முன்மொழிவு: 'வலசையுரிமை'. 'பதியெழுரிமை' என்றும் எண்ணிப் பார்த்தேன். வகுப்பில் வாய் சுளுக்கும்.

உச்சிப்புளியிலிருந்து:

ஐயா சொல்வது முற்றிலும் சரி. எங்கள் பக்கம் வந்து பாருங்கள், பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசை. தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசை. வலசை வந்தவர்கள் தங்கிய இடமே ஊர்ப்பெயராகிவிட்டது. இதைவிட என்ன சான்று வேண்டும்?

பெங்களூரிலிருந்து:

சின்ன இடையீடு. இங்கே கன்னடச் செய்தித்தாளில் தினமும் 'வலசெ கார்மிகரு' என்றுதான் படிக்கிறேன். தெலுங்கிலும் 'வலஸ கார்மிகுலு'. நமக்கு அது தெலுங்கிலிருந்து வந்த சொல் என்பார்கள். தூய்மை பேசும்போது கொஞ்சம் பார்த்து.

உச்சிப்புளியிலிருந்து:

அவர்கள் நம்மிடமிருந்து வாங்கியிருக்கக் கூடாதா? நான்கு மொழிக்கும் பொதுவான வேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போவது என்ன நியாயம்? 'வலம்' என்பதோடு சேர்த்துப் பாருங்கள், 'வளை' என்பதோடும் சேர்த்துப் பாருங்கள். விரிவாக எழுதுகிறேன்.

அண்ணாநகரிலிருந்து, கருவூலத்தில் வேலை பார்த்தவன்:

எழுதுங்கள், தனியாக எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்கு அது உதவாது.

சொல்லை விடுங்கள், பணம் எந்தக் கருவூலத்திலிருந்து போகிறது என்று பாருங்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ. தானியச் செலவு மத்திய அரசுடையது, 2023 சனவரியிலிருந்து விலையும் இல்லை. ஆகவே கப்பலூரில் பீகார் அட்டைக்கு அரிசி போட்டால் சென்னைக்கு அரிசிக் கணக்கில் இழப்பு இல்லை. அதே கடையில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, 25 ரூபாய்க்குப் பாமாயில் என்பது நம் மாநில மானியம். அது அவருக்குக் கிடையாது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அப்படித்தான். அதாவது உரிமை உடன் வருவது யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

2018இல் வந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிமாநில மருத்துவமனையில் படுத்தாலும் பில் சொந்த மாநிலத்துக்குத்தான் போகும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் நேர்மாறு. 1996 சட்டத்தில் தொடங்கிய தீர்வை, கட்டடச் செலவில் 1 சதவீதம், கட்டடம் எழும் மாநிலத்தில் வசூலாகிறது. தொழிலாளி ஊர் திரும்பினால் அந்த நிதி அவரோடு போவதில்லை. மதுரையில் சாரம் ஏறியவர் 60 வயதில் பீகாரின் பூர்ணியாவில் உட்கார்ந்திருப்பார், அவர் உழைப்பில் வந்த தீர்வை இங்கே இருக்கும்.

'வந்தவர்களால் நமக்குச் செலவு' என்று பேருந்தில் பேசுவார்களே, அதற்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. ஒருவரைப் பெற்று, தடுப்பூசி போட்டு, பள்ளிக்கு அனுப்பியதில் அரசின் பங்கு பீகாருடையது. உழைக்கும் வயது நமக்கு வருகிறது. முதுமை மறுபடியும் அங்கே. ஜி.எஸ்.டி. நுகரும் இடத்தில் சேரும் வரி என்பதால், 2017க்குப் பிறகு அவர் இங்கே வாங்கும் சோப்புக்கு மாநிலப் பங்கு நமக்கு. ஊருக்கு அனுப்பும் பணத்தில் வாங்கும் சோப்புக்கு அவர்களுக்கு. நம் பக்கம் செலவே இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளைகளோடு வந்தால் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், குடிநீர் எல்லாம் நம் பொறுப்பு. ஆனால் மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரித்த 15வது நிதிக்குழு அந்தப் பகிர்வில் மக்கள்தொகைக்குக் கொடுத்த 15 சதவீத எடைக்கு 2011 கணக்கெடுப்பைத்தான் எடுத்தது. அதற்குப் பிறகு வந்தவர் இங்கே தண்ணீர் குடிக்கிறார், அவர் தலைக்கான பங்கு அங்கே எண்ணப்படுகிறது. நம் குறை அந்தக் குழுவிடம் இருக்கட்டும், அவர் தட்டில் வேண்டாம்.

எனவே எனக்கு இரண்டு சொல் வேண்டும். செலவும் சேர்ந்து வரும் உரிமைக்கு ஒன்று, உரிமை மட்டும் வந்து செலவு வேறு மாநிலத்தில் விழுவதற்கு ஒன்று.

உசிலம்பட்டியிலிருந்து, தொழிலாளர் உதவி மையத்தில் இருப்பவள்:

எல்லாரும் இங்கே வருகிறவர்களையே பேசுகிறீர்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் முறுக்குக் கம்பெனிக்கு வடக்கே போகிறார்கள், அதையும் பாடத்தில் சேருங்கள் டீச்சர். போகும்போது எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, நம்ம கார்டு அங்க செல்லுமா?" பலருக்குச் செல்லாது. நம் மாநிலத்தில் எல்லாருக்கும் அரிசி என்பதால் முன்னுரிமை இல்லாத அட்டைக்கும் இங்கே கிடைக்கிறது. எல்லை தாண்டிச் செல்வது மத்தியச் சட்டத்தில் வரும் முன்னுரிமை அட்டையும், மிக வறியவர்களுக்கான அந்த்யோதயா அட்டையும்தான். தாராளமாகக் கொடுக்கிற மாநிலத்து ஆள் வெளியே போனால் வெறுங்கை.

சொல் தேடுகிறீர்களே, அந்தப் பையன் வாயிலேயே இருக்கிறது. செல்லும், செல்லாது, செல்லுபடி.

திருமங்கலத்திலிருந்து:

அருமை! அந்தப் பையன் என்னை வென்றுவிட்டான். செல்லாக்காசு, செல்லுபடி, செலவு, எல்லாம் 'செல்'லின் பிள்ளைகள். பணம் நடப்பதும் ஆள் நடப்பதும் ஒரே வினை. அரசின் செலவும் அதுவே. வலசையைக் கைவிடுகிறேன். (உச்சிப்புளி ஐயா பொறுத்தருள்க.) 'செல்லுரிமை' என்று வையுங்கள்.

அண்ணாநகரிலிருந்து:

புலவர் ஐயா, 'செல்லுரிமை' என்றால் மாணவன் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு என்று நினைப்பான். நாடெங்கும் போகவும் குடியிருக்கவும் உள்ள சுதந்திரம் அது. போகும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. போன இடத்தில் சோறு கிடைக்குமா என்பதுதானே இங்கே கேள்வி?

பெங்களூரிலிருந்து:

அப்படியானால் 'உடன்செல் உரிமை'?

திருமங்கலத்திலிருந்து:

தம்பி நல்ல இடத்தில் கைவைத்தார். உடன்செல்லா, உடன்வருவா? தொல்காப்பியத்துக் கிளவியாக்கம் தெளிவாகவே சொல்கிறது: தருசொல்லும் வருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்சொல்லும் கொடைச்சொல்லும் படர்க்கைக்கு. பீகார் அரசு எழுதினால் உரிமை உடன்செல்லும். மதுரையில் இருந்து எழுதும் அம்மா 'உடன்வரு' என்றே எழுத வேண்டும். கருவூல நண்பர் கேட்ட இரண்டு சொல்லும் இதிலேயே கிடைத்துவிடுகிறது பாருங்கள். நமக்குத் 'தருவது', அவர்களுக்குக் 'கொடுப்பது'. ('தரவு' என்பதைக் கணினிக்காரர்கள் கைப்பற்றிவிட்டதால் அதை விட்டுவிடலாம்.)

அண்ணாநகரிலிருந்து:

கிடைக்கவில்லை ஐயா. அது பேசுகிறவன் நிற்கும் இடம். நான் கேட்டது காசு கொடுக்கிறவன் இடம்.

வில்லாபுரத்திலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. தனி மடலில் வந்ததையும் சேர்த்துப் பார்த்ததில் 'உடன்வரு உரிமை' பக்கம்தான் ஆட்கள் அதிகம். பாதிப்பேர் "இது போதும், முடியுங்கள்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். தலைப்பில் அதைப் போடுகிறேன். விளக்கத்தில் 'அட்டை எந்த மாநிலத்திலும் செல்லுபடியாகும்' என்று உசிலம்பட்டி அக்காவின் சொல். முன்னுரிமை இல்லாத அட்டையைப் பற்றித் தனிப் பத்தி சேர்த்துவிட்டேன். கருவூல ஐயாவின் கணக்கு பயிற்சி வினாவாகப் போகிறது: அரிசி, காப்பீடு, நலவாரியம் மூன்றிலும் செலவு எந்த அரசின் மேல் விழுகிறது? அதற்குத் தனிச் சொல் வைக்கவில்லை.

திருமங்கலத்திலிருந்து:

மகிழ்ச்சி. ஆனால் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டாம். 'வரு' முற்றியலுகரம், வகர உடம்படுமெய் பெற்று 'உடன்வருவுரிமை' என்றாகும். 'முற்றும் அற்று ஒரோவழி' (முற்றியலுகரமும் சில இடத்தில் கெடும்) என்று நன்னூலைக் காட்டி 'உடன்வருரிமை' என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

வில்லாபுரத்திலிருந்து:

பிரித்துத்தான் போகிறது ஐயா. அச்சகத்தில் கொடுத்தாயிற்று.

அண்ணாநகரிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஒரு சொல் போதாது.

உச்சிப்புளியிலிருந்து:

வலசைக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். பெங்களூர்த் தம்பி அங்கே வரவும்.