சோழர் காசு மட்டும் போதுமா?

வணக்கம். மூன்று வருடமாகப் பழங்காசு சேர்க்கிறேன். குறிக்கோள் எதுவும் கிடையாது, பிடித்ததை வாங்கினேன். சங்ககாலச் சேரர் காசு, மதுரை நாயக்கர் காசு என்று டப்பா நிறைந்துவிட்டது.

ஆனால் மனசு நிற்பது ராஜராஜன் செப்புக்காசில்தான். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. ஆயிரம் வருடத்துக்கு முன் யாரோ இதைக் கொடுத்து எதையோ வாங்கியிருப்பார்கள்! மற்றதையெல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டு, சோழர் காசு மட்டும் சேர்க்கலாமா? அப்படிச் செய்தவர்கள் பின்னால் வருத்தப்பட்டீர்களா?

அப்புறம் ஒரு அவசர உதவி. ஒரு காசில் ‘ஜ’ மேல் வெளிர்பச்சைத் தூள் பூத்திருக்கிறது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். எழுத்து போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.