தங்கச்சிமடம் வாடகை வீடு: புது உரிமையாளர் காலி பண்ணச் சொல்கிறார், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் ஓட்டு வீடு, வாடகை 4,000. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு வெளியாட்கள் வீடு கேட்டு வருவது கூடிவிட்டது. எங்கள் வீட்டையும் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வாங்கிவிட்டார். அவருடைய பவர் ஏஜென்ட், ஹோம்ஸ்டே கட்டணும், மாசக் கடைசிக்குள் காலி பண்ணுங்க என்று சொல்லி, அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் அளவும் குறித்துவிட்டுப் போனார். வாடகை ஒப்பந்தமோ மே வரை இருக்கிறது.

விற்பனை செல்லுமா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், கிரயம் பதிவாகியிருக்கிறது. என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) வீடு வாங்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தடையில்லையாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீட்டுக்குத்தான் தடை. சரி, அந்த வழியும் போச்சு. பழைய உரிமையாளர் போனை எடுப்பதில்லை. பாம்பன், மண்டபம் பக்கம் கேட்கிற அட்வான்ஸுக்குப் பழைய வள்ளமே வாங்கிவிடலாம்.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி பதிவு செய்யப் பழைய உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவு செய்யாத இந்த ஒப்பந்தம் புது உரிமையாளரைக் கட்டுப்படுத்துமா?